மத்தியானத்தில் நின்றுவிடும் ஏசி: கொம்பிரசரைக் கழற்ற முன்னர் பார்க்க வேண்டியவை

கேள்வி சுருக்கமாக இது: திருகோணமலைப் பக்கம் நிலாவெளியில் கடற்கரைக்குக் கிட்டிய வீடு. 12,000 பி.டி.யு ஏசி, இன்வேர்ட்டர் இல்லாதது (கொம்பிரசர் ஒரே வேகத்தில் ஓடுகிற வகை), வாங்கி நாலு வருடம். பகல் 11 மணிக்குப் பிறகு போட்டால் இருபது நிமிடம் போல நன்றாகக் குளிர்கிறது. பிறகு வெளியில் உள்ள பெட்டியின் இரைச்சல் அடங்கி, உள்ளே வெறும் காற்றுத்தான் வருகிறது. அரை மணி, முக்கால் மணி கழித்துத் தானாகத் திரும்ப ஓடுகிறது. இரவில் இந்தத் தொல்லை அநேகமாக இல்லை. வந்த மெக்கானிக் இரண்டு தடவை காஸ் அடித்தார், அதன் பிறகு இன்னும் மோசம். இப்போது கொம்பிரசர் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார். அந்த அறையில் படுத்திருப்பவர் வயதான அம்மா. என்ன செய்யலாம்?

தங்கச்சி, கொம்பிரசருக்குக் காசு கொடுக்கிற முடிவை ஒரு கிழமை தள்ளிப்போடுங்கள். நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. தானாகத் திரும்ப ஓடுகிறது என்கிறீர்களே, உள்ளே மோட்டரின் கம்பிச் சுருள் எரிந்த கொம்பிரசர் தானாக எழும்பி ஓடாது. உங்களுடையது உயிரோடுதான் இருக்கிறது. ஏதோ ஒன்று அதை அளவுக்கு மேல் சூடாக்குகிறது. சூடு எல்லை தாண்டியதும் ஓவர்லோட் என்கிற பாதுகாப்புச் சுவிட்ச் கரண்டை வெட்டுகிறது, ஆறியதும் திரும்பக் கொடுக்கிறது. அரை மணி, முக்கால் மணி என்கிற கணக்கும் அதற்குத்தான் பொருந்துகிறது. தடித்த இரும்புக் கூட்டுக்குள் அடைபட்ட சூடு கச்சான் (மேற்கிலிருந்து வருகிற அனல் காற்று) அடிக்கிற மத்தியானத்தில் ஆறுவதற்கு அவ்வளவு நேரம் எடுக்கும். ஓவர்லோட் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. யாராவது அதை நேரடியாக இணைத்துவிடலாம் என்று சொன்னால் விடவே விடாதீர்கள். அப்படிச் செய்தால் சுருள் உண்மையாகவே எரியும்.

அப்படியானால் மெக்கானிக் ஏன் அப்படிச் சொன்னார்? அவர் வேண்டுமென்று சொல்லியிருப்பார் என்று நான் நினைக்கவில்லை. கொம்பிரசரில் மூன்று முனைகள் இருக்கும்: சி (இரண்டு சுருளுக்கும் பொது), ஆர் (ஓட்டும் சுருள்), எஸ் (தொடக்கும் சுருள்). ஓவர்லோட் வெட்டியிருக்கிற நேரத்தில் மீற்றரை வைத்தால், ஓவர்லோட் கூட்டுக்குள்ளே இருக்கிற வகைகளில் சி-க்கும் ஆர்-க்கும் இடையில் ஒன்றும் காட்டாது, சி-க்கும் எஸ்-க்கும் இடையிலும் காட்டாது. அதோடு நிறுத்திக்கொண்டால் சுருள் அறுந்துவிட்டது என்றுதான் தோன்றும். ஆனால் ஆர்-க்கும் எஸ்-க்கும் இடையில் அளந்தால் அங்கே எண் வரும். இரண்டு சுருளும் நல்லாயிருக்கின்றன, நடுவில் உள்ள ஓவர்லோட்தான் திறந்திருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். இரண்டு மூன்று மணித்தியாலம் ஆறவிட்டுத் திரும்ப அளந்தால் மூன்றும் காட்டும். சி-ஆர் ஆகக் குறைவு, சி-எஸ் அதைவிடக் கூட, ஆர்-எஸ் அந்த இரண்டின் கூட்டுத்தொகை. இது சரியாக வந்து, மெகர் (கசிவு பார்க்கிற மீற்றர்) வைத்துப் பார்க்கும்போது இரும்புக் கூட்டுக்குக் கரண்ட் கசியாமலும் இருந்தால், சுருள் போய்விட்டது என்று அந்தக் கொம்பிரசரை மாற்றச் சொல்வதற்கு ஒரு காரணமும் இல்லை. சில மொடல்களில் ஓவர்லோட் வெளியே, கொம்பிரசரின் தலையில் உள்ள கறுப்பு மூடிக்குக் கீழே சின்ன வில்லையாக இருக்கும். அது நாள்பட்டுத் தளர்ந்தால் சூடு ஏறுமுன்னரே வெட்டும். அதை மட்டும் மாற்றினால் போதும், பெரிய செலவில்லை.

இனிச் சூட்டுக்கு வருவோம். இது நீங்களே பார்க்கக்கூடியது, ஒரு திருகாணியும் கழற்றத் தேவையில்லை. அடுத்த தடவை நிற்கப்போகிற நேரத்துக்கு வீட்டில் ஒருவர் வெளிப்பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கட்டும். எது முதலில் நிற்கிறது என்பதுதான் கேள்வி.

ஃபேன் மெதுவாகிச் சோம்பிச் சுற்றுகிறது, அல்லது முதலில் ஃபேன் நின்று, சில நிமிடம் கழித்து உறுமல் சத்தமும் அடங்குகிறது என்றால், கோளாறு ஃபேனிலோ அதன் கப்பாசிட்டரிலோ (மோட்டர் சுழல உதவுகிற சின்ன மின்சாமான்) இருக்கிறது. ஃபேன் வழக்கம்போல ஓடிக்கொண்டிருக்க உறுமல் மட்டும் அடங்கினால், வெட்டியது கொம்பிரசரின் ஓவர்லோட். இரண்டும் ஒரே நேரத்தில் டக்கென்று நின்றால், உள்ளே இருக்கிற கட்டுப்பாட்டு போர்டோ, வோல்டேஜ் கூடினாலும் குறைந்தாலும் கரண்டை வெட்டுவதற்கு இடையில் பூட்டிய வோல்டேஜ் கார்டோ நிறுத்தியிருக்கிறது. இந்தக் கடைசி வகையில் முதலில் ரிமோட்டைப் பாருங்கள். 26-இல் வைத்து அறையும் 26-க்கு வந்திருந்தால் வெளிப்பெட்டி நிற்கத்தான் வேண்டும், அது கோளாறே இல்லை. உங்கள் அறை சூடாகிக் கிடக்கும்போதும் நிற்பதால் உங்களுக்கு அது பொருந்தாது. ஆனாலும் இதைக் கோளாறு என்று நினைத்து மெக்கானிக்கைக் கூப்பிடுகிறவர்கள் ஊரில் நிறைய.

உங்களுடையது இரண்டாவது வகை என்றுதான் எனக்குப் படுகிறது. இரவில் நன்றாக ஓடுகிறது, பகலில் நிற்கிறது. அறையின் சூட்டைக் கொண்டுபோய் வெளியே கொட்டுவதுதான் இந்த மெஷின் செய்கிற முழு வேலையும். வெளியே 35 பாகை என்றால், வெளிக்கொயில் (வெளிப்பெட்டியின் பின்னால் தகடுகள் கோத்த குழாய்) அதைவிடப் பத்துப் பதினைந்து பாகை கூடச் சூடாக இருந்தால்தான் சூடு காற்றுக்குப் போகும். கொயில் அடைபட்டோ அரிக்கப்பட்டோ இருந்தால் அதே சூட்டைக் கொட்ட இன்னும் மேலே ஏற வேண்டும். அப்போது காஸின் அழுத்தமும் ஏறும், கொம்பிரசர் அதை எதிர்த்து மிதிக்க வேண்டிவரும், கரண்ட் கூட இழுக்கும். இரவில் வெளியே 27, 28 பாகைக்கு இறங்குகிறபோது அதே பழுதான கொயில் ஒப்பேற்றிவிடுகிறது. மத்தியானத்தில் முடிவதில்லை.

எங்கள் கரையில் கொயிலைக் கெடுப்பது தூசியைவிட உப்பு. உப்புவெளி, நிலாவெளி, அலஸ்தோட்டம் பக்கத்தில் கடலைப் பார்த்தபடி பூட்டிய பெட்டிகளைப் பின்னால் போய்ப் பாருங்கள். பின்பக்கத்தில் வரிவரியாக நிற்கிற அலுமினியத் தகடுகளில் ஒன்றை நகத்தால் மெல்லத் தொட்டால் நல்ல தகடு வளையும். உப்புத் தின்ற தகடு வளையாது, சாம்பல் வெள்ளைத் தூளாக உதிரும். அந்தத் தகடுகள் செப்புக் குழாயைப் பிடித்துக்கொண்டிருக்கிற இடத்தில்தான் அரிப்பு முதலில் தொடங்கும். அலுமினியமும் செம்பும் தொட்டுக்கொண்டிருக்க இடையில் உப்பு ஈரம் சேர்ந்தால் அலுமினியம்தான் கரையும். தகடு பார்வைக்கு இருக்கும், ஆனால் குழாயோடு ஒட்டிப் பிடித்திருக்காது, சூடும் கடக்காது. இதைக் கழுவித் திருத்த முடியாது. கீழ்ப்பாதி முழுக்கத் தூளாகிப் போயிருந்தால் கொயிலைத்தான் மாற்ற வேண்டும். நாலு வருடத்தில் இந்த நிலைக்கு வருவது கடற்கரை வீட்டில் ஆச்சரியமில்லை. நீலப் பூச்சு, தங்கப் பூச்சு என்று கடையில் சொல்வார்கள். கொஞ்சம் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். கழுவாமல் விட்டால் அதையும் உப்புத் தின்னும்.

தகடு இன்னும் வளைகிற நிலையில் இருந்தால் உங்களுக்கு நல்ல காலம். வெளி ஐசோலேட்டரை (பெட்டிக்குக் கரண்டை வெட்டுகிற சுவிட்ச்) நிறுத்துங்கள், பிரேக்கரையும் இறக்குங்கள். சாதாரண பைப்பால், அழுத்தம் இல்லாமல், பின்பக்கத் தகடுகளின் மேலிருந்து கீழாகத் தண்ணி ஓடவிடுங்கள். கார் கழுவுகிற பிரஷர் மெஷின் வேண்டாம், தகடுகள் படுத்து ஒட்டிக்கொண்டுவிடும். நிலம் கழுவுகிற அசிட்டைப் பாவிக்கவே கூடாது. தண்ணி எந்தத் தண்ணி என்பதும் முக்கியம். கரையோரக் கிணறுகள் பலதில் கோடையில் தண்ணி உவர்த்துப் போகும். உப்பைக் கழுவ உப்புத் தண்ணி ஊற்றுவதில் என்ன பலன்? வாயில் வைத்துப் பாருங்கள். கரித்தால், குறைந்தபட்சம் கடைசி அலசலுக்காவது குழாய்த் தண்ணி பிடித்து ஊற்றுங்கள். ஈரம் காய்ந்த பிறகு கரண்டைக் கொடுக்கலாம். மாதம் ஒரு தடவை இப்படிச் செய்தால் நிலாவெளியிலும் ஒரு கொயிலை நிறையக் காலம் வைத்திருக்கலாம்.

பெட்டி எந்தச் சுவரில் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. கிழக்குச் சுவர் என்றால் உப்பு, மேற்குச் சுவர் என்றால் கச்சான். கச்சான் தரைப்பக்கமிருந்து வருகிற காற்று, அதில் உப்புக் குறைவு. ஆனால் வைகாசியிலிருந்து ஆவணி வரை அனலாக அடிக்கும். மேற்கைப் பார்த்த பெட்டியில் ஃபேன் வெளியே தள்ளுகிற சூட்டுக் காற்றை அது எதிர்த்து முகத்திலே திருப்பித் தள்ளுகிறது. அதோடு பின்னேர வெயிலும் நேரே விழும். இன்னொன்று, கள்ளனுக்கும் குரங்குக்கும் பயந்து பெட்டியைச் சுற்றி இரும்புக் கூடு அடிக்கிற வழக்கம். கூடு பரவாயில்லை. அதற்கு மேலே தகரம் போட்டு, பக்கத்தில் தறப்பாளும் கட்டிவிடுகிறார்கள் பாருங்கள், அங்கேதான் பிழைக்கிறது. ஃபேன் தள்ளிய சூட்டுக் காற்றுப் போக இடமில்லாமல் சுற்றிப் பின்பக்கத்துக்கு வந்து திரும்ப உள்ளே போகிறது. ஒரு சின்னச் சோதனை: மத்தியானத்தில் பெட்டி ஓடும்போது பின்பக்கம், காற்று உள்ளே போகிற இடத்தில் கையைப் பிடியுங்கள். வளவில் அடிக்கிற காற்றைவிட அங்கே சூடாக இருந்தால் சூடு சுற்றிக்கொண்டிருக்கிறது. தறப்பாளைக் கழற்றிவிட்டு அன்றே ஓட்டிப் பாருங்கள். நிழல் வேண்டும் என்றால் இரண்டடி மேலே, நாலு பக்கமும் திறந்தபடி கிடுகு போட்டால் போதும். மதிலுக்கும் பெட்டியின் முகத்துக்கும் இடையில் மூன்றடியாவது இடம் இருக்கட்டும்.

காஸ் விஷயம். ஏசியில் காஸ் எரிந்து முடிகிற சாமான் இல்லை, மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். ஒழுக்கைத் தேடாமல் நிரப்புவது ஓட்டைத் தோணியில் தண்ணி இறைக்கிற வேலை. உங்கள் விஷயத்தில் காஸ் குறைந்திருந்ததா என்பதே எனக்குச் சந்தேகம். காஸ் குறைந்தால் குளிரே குறைய வேண்டும், உள்கொயிலில் பனி கட்டும், இரவிலும் அதே கதைதான். உங்களுக்கோ ஓடுகிற வரைக்கும் நன்றாகக் குளிர்கிறது. தேவையில்லாமல் அடித்திருந்தால் இப்போது குழாய்க்குள் காஸ் கூடிப்போய் இருக்கிறது. அதனால் வெளிக்கொயிலின் அழுத்தம் இன்னும் ஏறும், மத்தியானத்தில் இன்னும் கெதியாக நிற்கும். காஸ் அடித்த பிறகு இன்னும் மோசம் என்று நீங்கள் எழுதியது இதோடு அப்படியே ஒத்துப்போகிறது.

இதற்கு மருந்து கொஞ்சம் திறந்துவிடுவது அல்ல. வெளிப்பெட்டியின் பக்கத்தில் ஒட்டியிருக்கிற தகட்டில் எந்தக் காஸ், எத்தனை கிராம் என்று அச்சிட்டிருக்கும். இருப்பதை முழுக்க வெளியே எடுத்து, வாக்கும் பம்ப் பூட்டி உள்ளே உள்ள காற்றையும் ஈரத்தையும் இழுத்து, தராசில் நிறுத்து அந்தக் கிராம் அளவுக்கு ஏற்ற வேண்டும். குழாய் வழக்கத்தைவிட நீளம் என்றால் மீற்றருக்கு இத்தனை கிராம் கூட என்பதும் தகட்டிலோ கையேட்டிலோ இருக்கும். தராசு கொண்டுவராமல், ஒரு பக்கத்து அழுத்தக் கேஜை மட்டும் பார்த்து அடிப்பவரை இந்த வேலைக்குக் கூப்பிடாதீர்கள். தகட்டில் ஆர்-410ஏ என்று இருந்தால் அது இரண்டு காஸ் கலந்தது, சிலிண்டரிலிருந்து திரவமாகத்தான் ஏற்ற வேண்டும். ஆர்-32 என்றால் தீப்பிடிக்கக்கூடியது. சாதாரணமாகப் பயப்படத் தேவையில்லை, ஆனால் காஸ் உள்ளே இருக்கும்போது குழாயில் சுவாலை வைக்கவோ பக்கத்தில் சிகரெட் பற்றவோ விடக்கூடாது. பழைய ஆர்-22 என்றால் அதன் பாவனை ஓசோன் படையைக் காக்கிற மொன்றியல் உடன்படிக்கையின் கீழ் நிறுத்தப்பட்டுவருகிறது. எங்களைப் போன்ற நாடுகளுக்கு 2030 தான் எல்லை. அதில் பெரிய செலவு செய்வதற்கு முன் யோசியுங்கள். நாலு வருட மெஷினில் அது இருக்க வாய்ப்புக் குறைவு.

கப்பாசிட்டரையும் கட்டாயம் அளக்கச் சொல்லுங்கள். இன்வேர்ட்டர் இல்லாத 12,000-இல் கொம்பிரசருக்கு ஒன்று, பெரும்பாலும் 25-இலிருந்து 35 மைக்ரோ ஃபரட். ஃபேனுக்குச் சின்னது ஒன்று, 1.5-இலிருந்து 2.5 வரை. உடம்பில் எண் அச்சிட்டிருக்கும். அதிலிருந்து ஐந்து வீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் மாற்றிவிட வேண்டியதுதான். கச்சான் காலத்துச் சூட்டில் இவை மெல்ல மெல்ல வற்றும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது, மேல் மூடி உப்பியிருந்தால் மட்டும் தெரியும். 30 என்று போட்டிருக்கிற கப்பாசிட்டர் 22 காட்டினால் கொம்பிரசர் ஓடும், ஆனால் திணறிக்கொண்டு, கூடக் கரண்ட் இழுத்துக்கொண்டு ஓடும். ஆறிய பிறகு திரும்ப எடுக்கும்போது இரண்டு மூன்று செக்கன் உம்மென்று முனகி டக்கென்று விழும் சத்தம் கேட்டால் இதைத்தான் முதலில் சந்தேகிப்பேன். கொம்பிரசரின் விலைக்கு முன் கப்பாசிட்டரின் விலை ஒன்றுமேயில்லை. ஆனால் கரண்ட் நிறுத்திய பிறகும் அதற்குள் சார்ஜ் இருக்கும், அடித்தால் ஆளைத் தூக்கி எறியும். மூடியைத் திறந்து நீங்களோ வீட்டுப் பிள்ளைகளோ தொட வேண்டாம்.

கரண்ட் பக்கம் சுருக்கமாகச் சொல்கிறேன். இலங்கையில் வீட்டுக்கு வர வேண்டியது 230 வோல்ட், ஆறு வீதம் கூடக் குறைய இருக்கலாம், அதாவது 216-இலிருந்து 244 வரை. கொம்பிரசர் ஓடிக்கொண்டிருக்கும்போது வெளிப்பெட்டியின் முனைகளிலேயே அளக்க வேண்டும், வீட்டு மீற்றர் பெட்டியில் அல்ல. மீற்றர் பெட்டியில் 230 இருந்து வெளிப்பெட்டியில் 205 என்றால் இடையில் மெல்லிய வயர் அல்லது தளர்ந்த இணைப்பு. ஏசிக்கு 7/0.67 (2.5 சதுர மில்லிமீற்றர்) வயராவது தனியாக இழுத்திருக்க வேண்டும், பிளக் பொயின்ட்டிலிருந்து எடுத்திருந்தால் அதை மாற்றுங்கள். கடற்கரையில் ஐசோலேட்டரின் உள்ளே பித்தளை முனை பச்சை பிடித்து, பிளாஸ்டிக் தவிட்டு நிறமாகக் கருகியிருப்பதை அடிக்கடி காண்கிறேன். வோல்டேஜ் குறைவு பெரும்பாலும் இரவு ஏழு மணியிலிருந்து பத்து மணி வரை வருகிற நோய். உங்களுக்கு இரவு நல்லாயிருப்பதால் அது முதற்காரணமாக இருக்காது. மாறாக, பக்கத்து வீடுகளின் கூரையில் சோலர் நிறைய இருந்தால் மத்தியானத்தில் வோல்டேஜ் கூடுவதும் உண்டு. வோல்டேஜ் கார்ட் பூட்டியிருந்தால் நிற்கிற நேரத்தில் அதன் சிவப்பு லைட் எரிகிறதா என்று ஒரு பார்வை பாருங்கள். எரிந்தால் பிழை ஏசியில் இல்லை, மின்சார சபைக்கு அறிவிக்க வேண்டிய விஷயம்.

எறும்பும் பல்லியும் வேறு. கொம்பிரசருக்குக் கரண்டைக் கொடுத்து நிறுத்துகிற ரிலேயின் இரண்டு முனைகளுக்கு இடையில் எறும்பு செத்து நசுங்கி, ஒரு நாள் பிடிக்கும் ஒரு நாள் பிடிக்காது என்று இருந்த பெட்டிகள் எத்தனையோ. மூடி திறக்கிற நேரத்தில் மெக்கானிக்கிடம் அதையும் துடைக்கச் சொல்லுங்கள்.

இதே கேள்வியோடு இன்வேர்ட்டர் ஏசி வைத்திருப்பவர்களும் வருவார்கள். அதில் கதை வேறு. சூடு ஏறினால் அது முதலில் வேகத்தைக் குறைக்கும், பிறகுதான் நிற்கும், நிற்கும்போது உள்பெட்டியில் ஒரு குறியீடு காட்டும் அல்லது லைட் கண்சிமிட்டும். அதைப் போனில் படம் எடுத்து வையுங்கள். கம்பனிக்குக் கம்பனி அர்த்தம் மாறும், ஆகவே பொதுவாக இதுதான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கொயில் கழுவுவது, காற்றுப் பாதை, காஸ் நிறை இவை மூன்றும் அதற்கும் பொருந்தும்.

பிரேக்கரோ ட்ரிப் சுவிட்ச்சோ விழுகிறது என்றால் அது முற்றிலும் வேறு விஷயம். உங்களுக்கு அப்படி இல்லை, ஆனால் கார்த்திகை மார்கழி மழையில் வரலாம். உப்புப் படிந்த முனைகள் நனைந்தால் கரண்ட் நிலத்துக்குக் கசியும், 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் விழும். திரும்பத் திரும்பத் தூக்கிவிடாதீர்கள். இறக்கியே வைத்துவிட்டு வயர்மேனைக் கூப்பிடுங்கள்.

அம்மாவுக்காக இப்போதைக்குச் செய்யக்கூடியது: 11 மணி வரை காத்திராமல் காலை ஒன்பது மணிக்கே போட்டுவிடுங்கள், அறை சூடேறுமுன் பிடித்தால் மெஷினுக்குச் சுமை குறைவு. 26 அல்லது 27-இல் வைத்துக் கூரை ஃபேனை மெல்ல ஓடவிடுங்கள். 16-இல் வைத்தால் கெதியாகக் குளிரும் என்று நினைக்கிறார்கள். இந்த வகை மெஷின் 16-இலும் 26-இலும் ஒரே வேகத்தில்தான் ஓடும், 16-இல் நிற்க நேரமே கிடைக்காது, அவ்வளவுதான் வித்தியாசம். உள்ளே ஃபில்டரை இரண்டு கிழமைக்கு ஒரு தடவை கழுவுங்கள். மேற்கு யன்னலுக்குத் தடித்த சீலை போடுங்கள். நின்றுவிட்டால் ரிமோட்டால் நிறுத்தி ஒரு மணித்தியாலம் ஆறவிடுங்கள். சூட்டோடு திரும்பத் திரும்ப எடுக்க முயன்று முனகுவதுதான் கொம்பிரசரை மெய்யாகக் கொல்லும்.

முதலில் தறப்பாள் இருந்தால் அவிழ்த்து, கொயிலைக் கழுவி, இரண்டு மத்தியானம் ஓட்டிப் பாருங்கள். அப்போதும் நின்றால் வேறொரு மெக்கானிக்கைக் கூப்பிட்டு, இரண்டு கப்பாசிட்டரையும் அளந்து, ஓடும்போது எத்தனை அம்பியர் என்று கிளாம்ப் மீற்றரில் பார்த்துத் தகட்டில் உள்ள எண்ணோடு ஒப்பிடச் சொல்லுங்கள். 12,000-க்கு ஐந்து அம்பியர் போல இருக்க வேண்டியது ஏழு, எட்டுக்கு ஏறினால் காஸ் முழுக்க எடுத்து நிறுத்து ஏற்றுவதுதான் அடுத்த வேலை. அந்த எண்களையும், பெட்டி எந்தச் சுவரில் இருக்கிறது என்பதையும், பின்பக்கத் தகட்டின் ஒரு படத்தையும் எழுதி அனுப்பினால் கொயில் மாற்றுவதா, புது மெஷின் வாங்குவதா என்று சொல்ல முடியும்.